அமுக்கம், கனவளவு, வெப்பநிலை: ஒரு பாடம் வன்னிக்கு வந்த வழி

நூற்றாண்டு மலர் என்றால் அதிபர்களின் வரிசை, கட்டடங்கள் எழுந்த ஆண்டுகள், மாணவியர் வென்று வந்த கேடயங்கள் என்பன முதலில் இடம்பெறும். இம்மலரிலும் அவை உரிய இடங்களில் உள்ளன. இக்கட்டுரை எடுத்துக்கொள்வது ஒரு பாடத்தின் வரலாற்றை. உயர்தர விஞ்ஞான வகுப்பில் இருந்த பழைய மாணவியர் எவரும், இன்று கிளிநொச்சியில் இருந்தாலும் ரொறன்ரோவில் இருந்தாலும், இந்த வசனத்தை மறந்திருக்க மாட்டார்கள்: மாறா வெப்பநிலையில் ஒரு குறித்த திணிவு வாயுவின் கனவளவு அதன் அமுக்கத்துக்கு நேர்மாறு விகிதசமனாகும்.

இவ்விதி பிறப்பதற்குத் தேவைப்பட்டவை ஒரு கண்ணாடிக் குழாய், சிறிது இரசம், ஓர் அளவுகோல், பொறுமையுள்ள இரண்டு கண்கள். விலையுயர்ந்த பொறி எதுவும் வேண்டியதில்லை. ஆயினும் இங்கிலாந்தில் அது அச்சேறிய ஆண்டுக்கும், வன்னியில் ஒரு பெண்பிள்ளை அதைத் தன் மொழியிற் படித்துத் தன் கையாற் செய்துபார்த்த ஆண்டுக்கும் இடையே ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் சென்றன. அந்த வழி எப்படி வந்தது, வந்தபின் இம்மண்ணில் அது என்ன பாடுபட்டது என்பதைச் சொல்வதே நோக்கம்.

குழாயும் இரசமும்

காற்றுக்கு நிறை உண்டு, அது நம்மை எப்போதும் அமுக்கிக்கொண்டிருக்கிறது என்பதை மனிதர் நெடுங்காலம் அறியவில்லை. 1640களில் இத்தாலியரான தொரிசெல்லி இரசம் நிரப்பிய குழாயொன்றை இரசக் கிண்ணத்திற் கவிழ்த்தார். இரசம் முழுவதும் இறங்கிவிடவில்லை. ஏறத்தாழ 76 சென்ரிமீற்றர் உயரத்தில் நின்றது. கிண்ணத்தை வெளியே அமுக்கும் வளியே அதைத் தாங்கி நிற்கிறது என்றார் அவர். 1648 புரட்டாதியில், பாஸ்கலின் வேண்டுகோளின்படி அவருடைய மைத்துனர் பெரியே அத்தகைய குழாயுடன் பிரான்சின் புய் டி டோம் மலையில் ஏறினார். உச்சியில் இரசமட்டம் அடிவாரத்திலும் பார்க்க 8 சென்ரிமீற்றருக்கு மேல் இறங்கியிருந்தது. மேலே போகப்போக அமுக்கும் வளி குறைகிறது என்பது ஐயமின்றித் தெரிந்தது.

றொபேட் போயில் 1627இல் அயர்லாந்தின் லிஸ்மோரிற் பிறந்தவர். றொபேட் ஹூக் அமைத்துக் கொடுத்த வளிப்பம்பியைக் கொண்டு தாம் செய்த சோதனைகளை 1660இல் நூலாக வெளியிட்டார். காற்று ஒரு வில்லுச்சுருளைப்போல அமுங்கும், விட்டால் விரியும் என்பது அவர் கூற்று. லைனஸ் என்ற துறவி அதை மறுத்தார். அந்த மறுப்புக்கு மறுமொழியாக, 1662இல் வந்த இரண்டாம் பதிப்பிற் போயில் எண்களைச் சேர்த்தார். வளைந்த நெடுங்குழாயின் மூடிய சிறுகையில் வளி அகப்பட்டிருக்கும். திறந்த நெடுங்கையில் இரசத்தைச் சிறிது சிறிதாக ஊற்றுவார். மேலதிகமாக ஊற்றிய இரசம் ஏறத்தாழ 29 அங்குலமானபோது, அதாவது வளிமண்டல அமுக்கத்துக்குச் சமமான இன்னோர் அமுக்கம் ஏறியபோது, அகப்பட்ட வளி பாதியாயிற்று. அமுக்கம் இரு மடங்கு, கனவளவு அரை மடங்கு. பின்னர் 1676இல் மரியொத் என்ற பிரெஞ்சு அறிஞர் இதே உறவைத் தாமும் வெளியிட்டார்.

போயிலின் கதையிற் பெண்கள் பாடசாலையொன்று மறக்கக்கூடாத ஒருவர் இருக்கிறார். அவருடைய தமக்கை கத்தரின், ரனலா சீமாட்டி என்று அறியப்பட்டவர். 1668 முதல் இறக்கும்வரை போயில் வாழ்ந்தது இலண்டனில் இந்தத் தமக்கையின் வீட்டில். அவருடைய ஆய்வுகூடமும் அவ்வீட்டிலேயே இருந்தது. 1691 மார்கழி 23இல் தமக்கை இறந்தார். ஒரு வாரத்தில் தம்பியும் இறந்தார். விதிக்குத் தம்பியின் பெயர் கிடைத்தது. ஆய்வுகூடத்துக்கு இடங்கொடுத்த தமக்கையின் பெயரைப் பாடநூல்கள் சொல்வதில்லை.

வெப்பம் சேர்ந்தபோது

போயில் கண்டது அமுக்கத்துக்கும் கனவளவுக்கும் உள்ள உறவு மட்டுமே. மூன்றாவது கணியமாகிய வெப்பநிலை பலூனோடு வந்தது. 1783இல் மொங்கோல்பியே சகோதரர் சூடான வளியாற் பலூனை எழுப்பினர். அதே ஆண்டு மார்கழி முதலாந் திகதி சாள்சு ஐதரசன் நிரப்பிய பலூனிற் பாரிசிலிருந்து மேலெழுந்தார். அடுத்த ஆண்டு ஆனி 4ஆந் திகதி லியோன் நகரில் எலிசபெத் திபிள் என்ற பெண் சூடான வளிப் பலூனிற் பறந்தார். கட்டற்ற பலூனிற் பறந்த முதற்பெண் அவரே.

வாயுக்கள் சூடேறும்போது ஒரே அளவில் விரிகின்றன என்பதைச் சாள்சு 1787 அளவிற் கண்டிருந்தும் அச்சிடவில்லை. 1802இல் கேலுசாக் தம் முடிவுகளை வெளியிட்டபோது சாள்சின் முன்முயற்சியைக் குறிப்பிட்டார். அதனால் இன்றும் அது சாள்சின் விதி. 1804இல் கேலுசாக் தாமே பலூனில் ஏறி ஏறத்தாழ 7000 மீற்றர் உயரம்வரை சென்று வளியின் மாதிரியை எடுத்துவந்தார்.

பிற்காலத்தவர் திருத்திய அளவின்படி, மாறா அமுக்கத்தில் ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் வாயு விரிவது, பூச்சியப் பாகையில் அதற்குள்ள கனவளவின் 273இல் ஒரு பங்கு. அப்படியானால் குளிர்விக்கக் குளிர்விக்க அது எங்கே போய் நிற்கும்? மறை 273 பாகையிற் கனவளவு இல்லாமலே போகவேண்டும். உண்மையில் எந்த வாயுவும் அதற்கு முன்பே திரவமாகிவிடும். ஆனாலும் அந்தக் கணக்கு வெப்பநிலைக்கு ஒரு கீழெல்லை உண்டு என்று காட்டியது. 1848இல் கெல்வின் முன்வைத்த தனிவெப்பநிலை அளவுத்திட்டம் அந்த எல்லையிலிருந்து தொடங்குகிறது. 1811இல் அவகாதரோ சம கனவளவில் சம எண்ணிக்கையான மூலக்கூறுகள் என்றார். 1834இல் கிளப்பிரோன் எல்லாவற்றையும் ஒரே சமன்பாட்டிற் கோத்தார். நாம் கரும்பலகையிற் பார்த்து எழுதிய இலட்சிய வாயுச் சமன்பாடு அதுவே.

சொல் வந்த வழி

விதி கப்பலேறி வருவது எளிது. சொல் வருவது அரிது. அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயிலிருந்து மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அந்த முயற்சியின் விளைவாக வந்த நூல்களுள் ஒன்று 1875இல் வெளியான 'கெமிஸ்தம்'. தமிழில் இரசாயனத்துக்கெனப் பெருநூல் ஒன்று அவ்வளவு முன்னரே வந்துவிட்டது. ஆயினும் அக்கால ஆங்கிலப் பாடசாலைகள் விஞ்ஞானத்தை ஆங்கிலத்திலேயே கற்பித்தன. தமிழ்ப் பாடசாலைகள் கற்பிக்கவேயில்லை. வன்னியிற் பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கிட்டியது இரண்டாவது வகை.

அடுத்த பெரும் அடியை எடுத்துவைத்தவர்களுள் ஒருவர் காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர். யாழ் நூலும் முத்தமிழும் அவரை நமக்கு நினைவூட்டும். அவர் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி என்பதும், துறவு பூணுமுன் யாழ்ப்பாணத்தில் விஞ்ஞான ஆசிரியராக இருந்தார் என்பதும் பலர் அறியாதவை. 1936இற் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்கு அவர் தலைமை தாங்கினார். 1938இல் 'கலைச்சொற்கள்' நூல் வெளிவந்தது. விஞ்ஞானம் படிப்பித்த ஒருவர் விஞ்ஞானத்துக்குச் சொல் தேடியது தற்செயலன்று. வகுப்பில் நின்று பார்த்தவருக்குத்தான் எந்தச் சொல் பிள்ளையின் வாயில் நிற்கும் என்பது தெரியும்.

இலங்கையிற் கல்வி 1945இல் இலவசமாயிற்று. 1950களில் இடைநிலை வகுப்புகளுக்குத் தாய்மொழி ஏறியது. 1960களில் உயர்தர விஞ்ஞானமும் தமிழுக்கு வந்தது. அரசகரும மொழித் திணைக்களம் துறைதுறையாகக் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. நாம் படித்த சொற்கள் அவற்றினூடாக நிலைபெற்றவை. தமிழ்நாட்டில் 'அழுத்தம்' என்பதை நாம் 'அமுக்கம்' என்கிறோம். நமது பௌதிகவியற் புத்தகத்தில் அழுத்தம் என்பது மின்னுக்கு உரியது. அழுத்த வேறுபாடு என்றால் இரண்டு புள்ளிகளுக்கிடையே மின்னை ஓடச்செய்யும் வேறுபாடு. வாயுவுக்கும் குருதிக்கும் அமுக்கம். இரண்டு கருத்துக்கு இரண்டு சொல் வைத்திருப்பது நமது பாடத்துக்குக் கிடைத்த வசதி. ஒட்சிசன், ஐதரசன், காபனீரொட்சைட்டு என்ற எழுத்துகளும் அப்படியே. புலம்பெயர்ந்த வீடுகளிற் பிள்ளைகள் வேறு மொழியிற் படிக்கும்போது தாய்மார் இச்சொற்களைச் சொல்லிப் பார்ப்பதுண்டு. வகுப்பறை அப்படியே எழுந்து வரும்.

ஆய்வுகூடத்தில்

சொல் வந்தது. ஆய்வுகூடம் அதே வேகத்தில் வரவில்லை. முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1978இல், கிளிநொச்சி 1984இல். உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலைகளே 1ஏபி தரத்தைப் பெறும். வன்னியின் பரப்போடு பார்த்தால் அவை மிகச் சில. பெண்பிள்ளையை வீட்டிலிருந்து தொலைவிலுள்ள பாடசாலைக்கு அனுப்பப் பெற்றோர் தயங்கிய காலத்தில், ஊரில் ஆய்வுகூடம் இல்லையென்றால் அவளுக்கு விஞ்ஞானம் இல்லை என்பதே பொருள். கலைப்பிரிவை விரும்பிச் சென்றோர் பலர். வேறு வழியின்றிச் சென்றோரும் நம்மிடையே உண்டு.

ஆய்வுகூடம் இருந்தவர்களுக்குக் கிடைத்ததை ஓர் எடுத்துக்காட்டாற் சொல்லலாம். ஒரு முனை மூடிய ஒடுங்கிய கண்ணாடிக் குழாய். உள்ளே 10 சென்ரிமீற்றர் நீள இரச இழை. இழைக்கு உட்புறம் அகப்பட்ட வளி. குழாயைக் கிடையாக வைத்தால் வளியின் அமுக்கம் வெளியே உள்ள 76 சென்ரிமீற்றர் இரசத்துக்குச் சமன். வளிநிரலின் நீளம் 20 சென்ரிமீற்றர் என்போம். திறந்த முனை மேலே இருக்க நிமிர்த்தினால் இழையின் நிறையும் சேர்ந்து அமுக்கம் 86 ஆகும், வளி 17.7 ஆகச் சுருங்கும். கவிழ்த்துப் பிடித்தால் அமுக்கம் 66. வளி 23 ஆக நீளும். 76ஐ 20ஆற் பெருக்கினாலும், 86ஐ 17.7ஆற் பெருக்கினாலும், 66ஐ 23ஆற் பெருக்கினாலும் 1520க்கு மிக அருகிலான எண்ணே வரும். கரும்பலகையில் எழுதிய வசனத்தை மனப்பாடம் செய்தவளுக்கும், குழாயைத் திருப்பி அந்த மூன்று எண்களையும் தானே பெற்றவளுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. பின்னவள் விதியை நம்பவேண்டியதில்லை. அவள் அதைக் கண்டிருக்கிறாள்.

குளத்தடியும் கடலடியும்

வன்னி நிலம் இந்த விதியைத் தன் பங்குக்கும் கற்பித்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கட்டப்பட்ட இரணைமடுக் குளத்தின் முழுக்கொள்ளளவு மட்டம் இன்று 36 அடி, அதாவது ஏறத்தாழ 11 மீற்றர். நீரில் ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அமுக்கம் கூடும். நிறைந்த குளத்தின் 36 அடி ஆழத்தில் உள்ள அமுக்கம் மேற்பரப்பில் உள்ளதன் இரு மடங்குக்குச் சற்று மேல். அடிச்சேற்றிலிருந்து புறப்படும் ஒரு வாயுக்குமிழ் மேலே வந்து உடையும்போது இரு மடங்குக்குச் சற்றுப் பெருத்திருக்கும். போயிலின் வளைகுழாயில் நடந்தது தலைகீழாக இங்கே நாள்தோறும் நடக்கிறது.

முல்லைத்தீவுக் கடலிலும் அப்படியே. மூச்சடக்கிச் சங்கு குளித்தவருடைய நெஞ்சினுள் இருக்கும் வளி 10 மீற்றர் ஆழத்திற் பாதியாகவும் 20 மீற்றரில் மூன்றிலொன்றாகவும் சுருங்கும். மேலே வரும்போது பழைய அளவுக்குத் திரும்பும். வளிச் சிலிண்டர் கட்டிக் கடலட்டை எடுக்கப் போவோரின் நிலை வேறு. அவர்கள் ஆழத்தில் உள்ளிழுப்பது ஆழத்தின் அமுக்கத்தில் உள்ள வளி. அதனாற் 10 மீற்றரிற் சிலிண்டர் மேற்பரப்பில் நீடிக்கும் நேரத்தின் பாதி நேரமே நீடிக்கும். அங்கே நெஞ்சு நிறைய மூச்செடுத்து, அதை அடக்கியபடி மேலே வந்தால் அந்த வளி இரு மடங்காக விரியும்; சுவாசப்பை கிழியும். சங்கு குளித்த தந்தை மூச்சை அடக்கச் சொல்லிக் கொடுத்திருப்பார். சிலிண்டர் கட்டும் மகன் மேலே வரும்போது மூச்சை ஒருபோதும் அடக்கக்கூடாது. ஒரே கடல், ஒரே விதி, எதிரெதிரான இரண்டு கட்டளை. இதை விளங்காதவர் உயிரை இழக்கலாம்.

விளக்கும் மோட்டார் சைக்கிளும்

1990 ஆனியிற் போர் மீண்டும் மூண்டபின் வன்னியின் பெரும்பகுதிக்கு எரிபொருள், மின்கலம், யூரியா போன்றவை தடைசெய்யப்பட்டன அல்லது அளந்து விடப்பட்டன. கிளிநொச்சி, முல்லைத்தீவு வீடுகளில் மின்சாரம் இல்லை. 2002இற் போர்நிறுத்தம் வந்து, சித்திரையில் ஏ9 வீதி திறக்கும்வரை ஒரு தலைமுறை மண்ணெண்ணெய் வெளிச்சத்திற் படித்தது. பலருக்கு அது ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, மெல்லிய திரியில் எரிந்த சிக்கன விளக்கு. பரீட்சைக்கால இரவு வகுப்புகளிலோ கோயில் திருவிழாவிலோ பெற்றோமக்ஸ்.

பெற்றோமக்ஸ் முழுவதும் வாயு விதிதான். தாங்கியில் முக்காற்பங்கு மண்ணெண்ணெய், மேலே வளி. கைப்பம்பியால் அடிக்கும்போது அதே இடத்துக்குள் மேலும் வளி புகுகிறது, அமுக்கம் ஏறுகிறது. அந்த அமுக்கம் எண்ணெயை மேற்குழாய்க்குத் தள்ளுகிறது. சூடான குழாயில் எண்ணெய் ஆவியாகிச் சிறு துவாரத்தாற் பீறிட்டு வளியோடு கலந்து எரிகிறது. மென்டில் வெண்மையாக ஒளிர்கிறது. நேரம் போக எண்ணெய் இறங்கும்; வளிக்கு இடம் கூடும்; கனவளவு கூட அமுக்கம் குறையும்; வெளிச்சம் மங்கும். யாரோ ஒருவர் எழுந்து திரும்பவும் பம்பண்ண வேண்டும். அந்த வெளிச்சத்திற் போயிலின் விதியைப் பாடமாக்கிய பிள்ளைக்கு முன்னால் விதியே மங்கி மங்கி எரிந்துகொண்டிருந்தது.

மோட்டார் சைக்கிள் இன்னொரு பாடம். பெற்றோல் கிடைக்காதபோது பெற்றோல் எஞ்சின்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் போதிய அளவு ஆவியாகாது; எரிய மறுக்கும். ஆகவே சிறிய போத்தலிற் பொன்போலச் சேமித்த சில துளி பெற்றோலைக் கொண்டு எஞ்சினை இயக்குவார்கள். அது சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். சூடு ஏறினால் ஆவியமுக்கம் ஏறும் என்பது அதன் அடிப்படை. புகை மிகும், எஞ்சின் கரி பிடிக்கும், ஆனால் நோயாளி வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்வார். இரசாயனம் படியாத எத்தனையோ திருத்துநர்கள் இதைச் செய்து காட்டினார்கள்.

இவ்வளவு இருந்தும், 'விளக்கைப் பார்த்தே விஞ்ஞானம் படித்துவிட்டோம்' என்று பெருமைப்பட்டு நிறுத்திவிட முடியாது. விளக்கிற் கனவளவு, அமுக்கம், வெப்பநிலை மூன்றும் ஒன்றாக மாறிக்கொண்டிருக்கும். எது எதனால் என்று பிரித்தறிய ஒன்றைப் பிடித்து நிறுத்தவேண்டும். வெப்பநிலையை மாறாமல் வைத்தால் போயில்; அமுக்கத்தை மாறாமல் வைத்தால் சாள்சு. பிடித்து நிறுத்துவதற்கான இடமே ஆய்வுகூடம். 1996 ஆடியில் கிளிநொச்சி இடம்பெயர்ந்தபோதும், அதன் பின்னரும், கொட்டில்களிலும் மரநிழல்களிலும் வகுப்புகள் தொடர்ந்தன. ஆசிரியர்கள் ஊசியில்லா மருந்தேற்றும் சிறிஞ்சை எடுத்து, முனையை விரலால் மூடி, தண்டை அமுக்கச் சொன்னார்கள். பாதிக்கு வரும்போது விரல் உணரும் எதிர்ப்பு அமுக்கத்தின் ஏற்றம். எண் கிடைக்காது, உணர்வு கிடைக்கும். எண்களைப் பெறும் வாய்ப்பு அவர்களுக்கு வரவேயில்லை.

2009க்குப் பின்

2009 தை 2ஆந் திகதி கிளிநொச்சியும் அம்மாத இறுதியில் முல்லைத்தீவு நகரும் கைமாறின. வைகாசியிற் போர் முடிந்தபோது வன்னி மக்களிற் பெரும்பாலோர் செட்டிகுளம் மனிக்பாம் முதலான முகாம்களில் இருந்தனர். அவ்வாண்டு ஆவணியில் உயர்தரப் பரீட்சை அம்முகாம்களிலும் நடந்தது. கொப்பிகளையும் உறவுகளையும் இழந்து வந்த பிள்ளைகள் அங்கே விடை எழுதினர். அவர்களுள் நம் சகோதரிகளும் இருந்தனர். அவர்களைப் பற்றி இம்மலரில் வேறு கட்டுரைகள் பேசும். இங்கே ஒன்றை மட்டும் சொல்லலாம்: வினாத்தாள் நாடு முழுவதற்கும் ஒன்றே.

அதன்பின் நிலம் மாறியிருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகிறது. வவுனியா வளாகம் 2021 ஆவணி முதலாந் திகதி தனிப் பல்கலைக்கழகமாயிற்று. ஒரு காலத்திற் கொழும்புக்கோ பேராதனைக்கோ போனாலன்றிக் கிடைக்காத படிப்பு, பஸ்ஸிற் போய்வரும் தூரத்தில் இருக்கிறது.

விதி தவறும் இடம்

பாடத்தின் கடைசிப் பகுதியை நமது அடுப்படிகள் அண்மையிற் படித்தன. 2021இன் இறுதியில் நாடெங்கும் சமையல் வாயு அடுப்புகளும் குழாய்களும் வெடித்தன. சிலிண்டரில் நிரப்பும் பியூற்றேன், புறொப்பேன் விகிதம் மாற்றப்பட்டதே முதன்மைக் காரணம் என்று சனாதிபதி நியமித்த குழு கூறியது. இதை விளங்க இலட்சிய வாயுச் சமன்பாடு மட்டும் போதாது. சிலிண்டரில் இருப்பதிற் பெரும்பகுதி திரவம், அதன்மேல் ஆவி. ஆவி வெளியேற வெளியேறத் திரவம் மேலும் ஆவியாகும். ஆகவே உள்ளே அமுக்கம் எவ்வளவு மிச்சம் என்பதைப் பொறுத்ததன்று. வெப்பநிலையையும் கலவையையும் பொறுத்தது. திரவம் தீரும்வரை அமுக்கம் பெரிதும் குறையாது. சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தே மிச்சத்தை அறியவேண்டியிருப்பது அதனால்தான். பியூற்றேன் கொதிப்பது பூச்சியப் பாகைக்குச் சற்றுக் கீழே. புறொப்பேன் மறை 42 பாகையில். நம் ஊரின் 30 பாகை வெயிலிற் புறொப்பேனின் ஆவியமுக்கம் பியூற்றேனுடையதைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு. புறொப்பேனின் பங்கைக் கூட்டினால் அதே சிலிண்டரில், அதே அடுப்பில், அதே பழைய குழாயில் அமுக்கம் ஏறும்.

மூலக்கூறுகளுக்கும் பருமன் உண்டு, அவை ஒன்றையொன்று கவரும், ஆகவே மெய்வாயு இலட்சிய வாயுவிலிருந்து விலகும் என்று 1873இல் வந்தர் வாலிசு தம் ஆய்வேட்டிற் காட்டினார். 1910இல் நோபெல் பரிசு பெற்றார். வகுப்பில் அது பரீட்சைக்கு வரும் சிறு பகுதி. அடுப்படியில் அது உயிர். 2022இல் வாயுவும் மண்ணெண்ணெயும் கிடைக்காமல் வரிசைகள் நீண்டபோது வன்னியின் அம்மாமார் அதிகம் கலங்கவில்லை. விறகடுப்பு அவர்களை விட்டுப் போயிருக்கவில்லை.

இன்று செய்யக்கூடியது

நூற்றாண்டை ஒட்டிப் பழைய மாணவியர் பலர் பாடசாலைக்கு எதையாவது செய்யவேண்டும் என்று விரும்புகின்றனர். கட்டடம் கண்ணுக்குத் தெரியும், பெயர்ப்பலகை வைக்கலாம். ஆய்வுகூடத்துக்கு வேண்டியவையோ தீர்ந்துபோகும் பொருள்கள். இன்றைய உயர்தரப் பாடத்திட்டத்தில், மகனீசியம் நாடாத்துண்டொன்றை ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்திலிட்டு, எழும் ஐதரசனை நீரின்மேற் சேர்த்து அளந்து, மகனீசியத்தின் அணுத்திணிவைக் கணிக்கும் செய்முறை உண்டு. வெப்பநிலையையும் வளிமண்டல அமுக்கத்தையும் குறித்து, நீராவியின் அமுக்கத்தைக் கழித்து, கனவளவை நியம நிலைக்கு மாற்றவேண்டும். போயில், சாள்சு, அவகாதரோ மூவரும் அந்த ஒரு கணக்கில் வந்து சேர்கிறார்கள். அதற்கு வேண்டியது ஒரு முழ நாடா, ஒரு போத்தல் அமிலம், உடையாத ஓர் அளவி, ஒரு வெப்பமானி. நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஆசிரியை ஒருவர் மட்டும் செய்துகாட்டிவிட்டு மற்றவர்களைப் பார்க்கச் சொல்வது நாடா போதாததால்தான்.

இரசம் நஞ்சு என்பதால் பழைய குழாய்களை இன்று பிள்ளைகளின் கையிற் கொடுப்பது தகாது. அளவிட்ட சிறிஞ்சும் சிறிய அமுக்கமானியும் அந்த வேலையைச் செய்யும். விலை பெரிதன்று, ஆனால் ஒவ்வோர் ஆண்டும் வேண்டும். எனவே சங்கக் கிளைகள் ஒருமுறை தரும் பெருந்தொகையிலும் பார்க்க, ஆண்டுதோறும் தை மாதத்தில் ஆய்வுகூடத்துக்கென ஒரு சிறுதொகை வந்துசேர ஒழுங்குசெய்வது நன்று. எவை முடிந்தன, எவை உடைந்தன என்ற பட்டியலை விஞ்ஞான ஆசிரியைகள் தருவார்கள். அதைப் பார்த்து அனுப்பினாற் போதும். அடுத்த ஆண்டு 12ஆம் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் நாற்பது பேரும் நாற்பது துண்டு நாடாவைத் தாமே நிறுத்து, தாமே அமிலத்திலிட்டு, தத்தம் எண்ணைக் கொப்பியில் எழுதட்டும். சிலருக்கு 24 வரும். சிலருக்கு 23 வரும். ஒருத்திக்கு 27 வரும். ஏன் 27 வந்தது என்று அவள் கேட்கும்போது பாடம் தொடங்கும்.